திறப்புக்காரரோடு பழகியவர்கள்

எங்கள் நூலகத்துக்கு இப்போது ஒரு இயந்திரம் வந்திருக்கிறது. திருப்பிக் கொண்டுவரும் புத்தகத்தின் பின்னட்டையை அதற்குக் காட்டினால் ஒரு சின்னச் சத்தம் போடும். அத்தோடு வேலை முடிந்தது. வாசகர் வாய் திறக்கத் தேவையில்லை, நூலகர் நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. வாழ்க்கையின் பாதியைத் திகதி முத்திரை குத்தியே கழித்துக் கை கடுத்தவள் நான். என் காலத்தில் அது வந்திருந்தால் கற்பூரம் காட்டி உள்ளே அழைத்திருப்பேன்.

எனக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வந்திருக்கிற தர்ஷினி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. தேத்தண்ணி குடித்து முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"மிஸ், திறப்புக்காரர் புத்தகம் பத்தும் பழுதாப் போச்சு. ஒட்டின இடத்திலயே திரும்பத் திரும்ப ஒட்டி வைச்சிருக்கிறியள். கழிச்சுப்போட்டுப் புதுசு எடுக்கட்டோ?"

"எடும் பிள்ளை" என்றேன்.

"ஏன் மிஸ் சனம் இதை மட்டும் இப்பிடி வாசிச்சிருக்கு? ஆளுக்கு ஒரு பேர்கூட இல்லை. ஆரெண்டே தெரியாத ஒரு ஆள்."

எனக்குச் சுருக்கென்றது. "ஆருக்குத் தெரியாது?" என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவள் கோபிக்கவில்லை. "அப்ப எழுதித் தாங்கோ, ஆண்டு மலரில போடுறன்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். இதில் பெருமை நிறைய வரும். ஓய்வுபெற்றவளுக்கு அதற்கு உரிமை உண்டு என்பது என் எண்ணம்.

திறப்புக்காரரைத் தெரியாதவர்களுக்காக முதலில் அவரைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு புத்தகத்திலும் எங்காவது ஒரு வீடோ பெட்டகமோ பூட்டியபடி கிடக்கும். திறப்புத் தொலைந்திருக்கும், அல்லது அதை வைத்திருந்தவர் இறந்திருப்பார். யாராவது இவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஒரு பழைய தோல்பையில் கம்பியும் அரமும் எண்ணெய்ப் போத்தலுமாக வந்து சேருவார். பூட்டைத் திறக்கப்போய், அந்த வீட்டுக்குள் என்றோ நடந்தது ஒன்றையும் சேர்த்து வெளியே கொண்டுவந்துவிடுவார். கடைசிப் பக்கத்தில் ஆள் இருக்கமாட்டார்.

ஒன்பது புத்தகம் வரையில் எழுதியவர் அவரைப்பற்றிச் சொன்னது மிகக் கொஞ்சம். பெயர் இல்லை, ஊர் இல்லை, பெண்சாதி பிள்ளைகள் உண்டா என்று தெரியாது. சேட்டில் இரண்டு பொத்தான் இருக்காது. திறந்து கொடுத்த வீட்டில் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் விறாந்தையில் வாசலைப் பார்த்தபடிதான் இருப்பார். இடுப்பில் சிவப்பு நூல் கட்டிய ஒரு திறப்பு எப்போதும் இருக்கும். அதை அவர் எந்தப் பூட்டிலும் போட்டது கிடையாது. அது எந்த வீட்டுத் திறப்பு என்பதுதான் ஒன்பது புத்தகமாக எல்லோருக்கும் இருந்த கேள்வி.

இனி என் பக்கம். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு நூலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பகுப்பு எண், பட்டியல், நூற்கட்டு எல்லாம் படித்தேன். பரீட்சைகளும் பாஸ் பண்ணினேன். அவற்றில் முக்கால்வாசி எனக்கு இப்போது நினைவில்லை. நினைவிலிருப்பது கனகலிங்கம் ஐயா. அங்கே இரவல் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். நீளக்கை வெள்ளைச் சேட்டு, பொத்தான் கழுத்துவரை பூட்டியிருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினால் யாருக்கோ பாடம் இருக்கிறது என்று அர்த்தம்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப போனவரிட்டை நீர் என்ன கேட்டனீர்?"

"கதை பிடிச்சுதோ எண்டு கேட்டனான் ஐயா."

"என்ன சொன்னவர்?"

"ஓம், நல்லம் எண்டார்."

"பாத்தீரே? கேட்டால் அதுதான் வரும்."

பிறகு தன் முறையைச் சொன்னார். வாசகரிடம் ஒன்றும் கேட்கக்கூடாது. புத்தகம் திரும்பி வரும் நேரத்தில் கையில் ஒரு வேலை இருக்கவேண்டும்: கிழிந்த பக்கம் ஒட்டுவது, அட்டை போடுவது, அப்படி ஏதாவது. உண்மையான வேலை. பாசாங்கு என்றால் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். முகத்தைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கும். சொல்ல இருக்கிறவர் தானாகச் சொல்லுவார். "ஒருத்தர் சொன்னதை மற்றவருக்குக் கொண்டு போகாதையும்" என்றார் கடைசியாக. "ஒரு ஆள் புத்தகத்தில என்னத்தைப் பாத்தது எண்டது அந்த ஆளின்ர வீட்டுக் குசினிக்கதை. சந்தியில நிண்டு சொல்லுறேல்லை."

புங்குடுதீவில் உப நூலகத்தைத் தந்து என்னை அனுப்பியபோது அந்த முறையையும் கொண்டு வந்தேன். நூலகம் மடத்துவெளிப் பக்கம், பஸ் போகிற வீதியில் இருந்தது. குறிகட்டுவானில் படகு இறங்கி வருபவர்களும், படகுக்குப் போகிறவர்களும், பஸ் சுணங்கினால் உள்ளே வந்து ஒதுங்குவார்கள். சனிக்கிழமைதான் திருப்பிக் கொடுக்கிற நாள் என்று நான் ஏற்படுத்தவில்லை. அது தானாக அப்படி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமையே கோதுமை மாவில் பசை காய்ச்சி, பூச்சி வராமல் கொஞ்சம் மயில்துத்தமும் கலந்து போத்தலில் எடுத்து வைப்பேன். சனிக்கிழமை காலையில் கிழிந்த புத்தகங்களை மேசையில் அடுக்கிக்கொண்டு குனிந்துவிடுவேன். பிறகு அவர்கள் கதைப்பார்கள்.

திறப்புக்காரரைப்பற்றி நான் கேட்டவற்றை இப்போது எழுதலாம். அதற்கு உரியவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

தோட்டம் செய்கிற கந்தையா அண்ணைக்குத் திறப்புக்காரர் முன்னாள் கள்ளன். "வாசலைப் பாத்து இருக்கிறவன் ஆர்? பிடிக்க வருவாங்கள் எண்டு பயந்தவன். பழக்கம் போகேல்லை" என்பார். பூட்டு உடைக்கிற கையெல்லாம் முதலில் எங்கே பழகியிருக்கும் என்றும் கேட்பார். நயினாதீவிலிருந்து பட்டினத்துக்குப் போய்வருகிற குருக்கள் ஐயா ஒருவர் இருந்தார். அவருக்கு அது நேர்த்தி. ஏதோ ஒரு கடனைத் தீர்க்கும்வரை பிறர் வீட்டில் கை நனைப்பதில்லை என்று நோன்பு பிடிக்கிற ஆள். இருவரும் சந்தித்துக்கொள்ளாத கிழமைகளில்கூட, மற்றவர் அங்கே நிற்கிற மாதிரி எனக்கு முன்னால் வாதாடுவார்கள். நான் பசை பூசிக்கொண்டிருப்பேன். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொண்டு போனதில்லை.

செல்வராணி அக்கா வாய் திறப்பது அரிது. மடத்துவெளியில் தனியாக இருந்தவர். வெளிநாடு போன பலருடைய வீடுகளுக்கு அவர்தான் காவல். கிழமைக்கு ஒரு தரம் ஒவ்வொரு வீடாகத் திறந்து, கூட்டி, கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, சாமியறையில் விளக்கு வைத்துவிட்டுப் பூட்டுவார். பையில் பெரிய திறப்புக் கோர்வை கிடந்து சத்தம் போடும். புத்தகத்துக்கு எப்போதும் உறை போட்டுத்தான் வாசிப்பார். திருப்பித் தரும்போது துடைத்துத் தருவார். திறப்புக்காரர் வரிசையை எத்தனை தரம் சுற்றினாரோ எனக்குத் தெரியாது. ஒன்பதாவது முடிந்ததும் மறுபடி முதலாவதை எடுப்பார். "என்னண்டு அக்கா?" என்று கேட்க எனக்கு நாக்கு துடித்ததுண்டு. கேட்டதில்லை.

ஒன்பதாவது வந்து நாலைந்து வருடமாகப் பத்தாவது வரவில்லை. அந்த நேரத்தில்தான் எழுதியவர் வந்தார்.

பெயரைச் சொல்லமாட்டேன். புத்தகத்தில் இருப்பது புனைபெயர். படமும் போடுவதில்லை. இந்தத் தீவுகளில் ஒன்றில் பிறந்து சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போனவர். ஒரு புதன்கிழமை மத்தியானம், குடையும் தோள்பையுமாக உள்ளே வந்தார். முழு நரை. உடுப்பு மடிப்புக் குலையாமல் இருந்தது. புத்தகம் எடுத்துக் கொடுக்க நான் எழும்ப, "எடுக்க வரேல்லை, இருங்கோ" என்று சொல்லித் தான் யாரென்று சொன்னார்.

எனக்குக் கை ஓடவில்லை. பிளேன்ரீ போட்டுக் கொடுத்தேன். கிளாஸைப் பிடித்த அவருடைய கை நடுங்கியது. அதை நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"இதுதான் பிரச்சினை" என்றார். "எழுத ஏலாமல் வருகுது. பத்தாவதுதான் கடைசி. மூண்டு தரம் எழுதிக் கிழிச்சிட்டன். இதைப் பிழையா முடிச்சன் எண்டால் முதல் ஒன்பதும் பொய்யாப் போயிடும்."

முடிவையும் சொன்னார். திறப்புக்காரர் தன் ஊருக்குத் திரும்புகிறார். பூட்டிக் கிடக்கும் தன் வீட்டை அந்தச் சிவப்பு நூல் திறப்பால் திறந்து உள்ளே போகிறார். சுவரில் குடும்பப் படம். கீழே அவருடைய பெயர்.

"வடிவான முடிவுதான். ஆனால் வாசிச்சுப் பாத்தால் வேற ஆரோ கதவைத் திறக்கிறமாதிரிக் கிடக்கு. ஏனெண்டு எனக்குப் பிடிபடேல்லை. பட்டினத்துப் புத்தகக்கடைக்காரர் சொன்னவர், இந்த வரிசையைக் கிழியக் கிழியத் திரும்ப வாங்கிறது நீங்கள்தானாம். உங்கட சனம் அந்தத் திறப்பைப்பற்றி என்ன சொல்லுது? அதைக் கேக்கத்தான் வந்தனான்."

என் வாழ்நாளில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதிலும் என்னிடம் கைநிறைய இருந்தது. கள்ளன், நேர்த்தி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட மனம் பறந்தது. ஆனால் கனகலிங்கம் ஐயாவிடம் பழகியவள் நான்.

"அதை நான் சொல்லேலாது ஐயா. ஆக்கள் எனக்குச் சொன்னதை நான் வெளியில சொல்லுறேல்லை."

"வெளி ஆளே நான்? நான் எழுதின ஆள்!"

"எழுதின ஆளுக்கும் சட்டம் அதுதான்."

கோபம் வந்துவிட்டது அவருக்கு. குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். பெரிய எழுத்தாளர் ஒருவர் இவ்வளவு தூரம் வந்து என் வாசலால் கோபித்துக்கொண்டு இறங்கப்போகிறார். ஆனாலும் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருந்தது.

"சனிக்கிழமை வாங்கோ" என்றேன். "அங்க பேப்பர் மேசையில ஒரு வாசகரா இருங்கோ. ஆரும் வந்து கதைச்சால் கதைக்கட்டும். நான் ஒருத்தரையும் கேக்கமாட்டன். ஆனால் ஒண்டு, நீங்கள் ஆரெண்டு அவை கேட்டால் பொய் சொல்லக்கூடாது."

 சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை எல்லோருக்கும் முதல் வந்து பேப்பரை விரித்துக்கொண்டு இருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லையே என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டேன். கந்தையா அண்ணை வந்தார். பின்னாலேயே குருக்கள் ஐயாவும். படகு சுணங்கி, பட்டினத்து பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். செல்வராணி அக்கா உள்ளே புத்தக இறாக்கைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பழைய அகராதியின் முதுகைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

கந்தையா அண்ணை ஒன்பதாவதை மேசையில் வைத்தார். "நான் சொன்னதுதான் மிஸ். இதிலயும் வாசலைப் பாத்துத்தான் இருக்கிறான். கள்ளன்தான்."

"கள்ளனுக்கு ஏன் கந்தையா இவ்வளவு கட்டுப்பாடு?" என்றார் குருக்கள். "வீட்டுக்காரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டுறா. ஆளுக்குக் களை. எண்டாலும் வாங்கேல்லை. நேர்த்தி இல்லாட்டி என்ன அது?"

"பிடிபட்டால் ஓடோணும் ஐயா. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கேலுமே?"

குருக்கள் சிரித்துவிட்டார். பேப்பர் மேசையிலிருந்து குரல் வந்தது.

"அப்ப அந்தச் சிவப்பு நூல் திறப்பு? அது எந்த வீட்டுத் திறப்பெண்டு நினைக்கிறியள்?"

புதிய ஆள் என்று இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவன்ர சொந்த வீடுதான்" என்றார் கந்தையா அண்ணை. "அதென்ன கேள்வி?" குருக்களும் ஓமென்றார். எழுதியவர் கதிரையில் சாய்ந்து இருந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"இல்லை."

இறாக்கைக்குப் பின்னாலிருந்து செல்வராணி அக்கா. அவர் முன்னால் வந்து, பையிலிருந்த திறப்புக் கோர்வையை எடுத்து என் மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் துணியோ நூலோ கட்டியிருந்தது.

"இது கனடாக்காரற்ற வீடு, நீலம். இது லண்டன்காரர், மஞ்சள். இது தமக்கையின்ர வீடு, பச்சை. மாறிப்போகக்கூடாது எண்டு கட்டுறது. என்ர வீட்டுத் திறப்பு இந்தா." அது வெறுந்திறப்பு. தேய்ந்து மினுங்கியது. "சொந்த வீட்டுத் திறப்புக்கு ஆரும் அடையாளம் கட்டுவினமே? அவற்ற இடுப்பில கிடக்கிறது ஆரோ நம்பிக் குடுத்திட்டுப் போன திறப்பு."

 இந்தத் தீவில் பாதி வீட்டுக்கு யாராவது ஒருவரிடம் திறப்பு இருக்கிறது. கந்தையா அண்ணை வீட்டிலேயே இரண்டு கிடந்தது. ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"எழுதினவர் சும்மா அழகுக்குப் போட்டிருக்கலாமே?" என்றார் எழுதியவர். குரலில் கொஞ்சம் சூடு.

"அவர் என்னத்துக்கும் போடட்டும். திறப்புக்காரர் அழகுக்கு ஒரு சாமான் வைச்சிருக்கிற ஆளே? சேட்டுக்குப் பொத்தான் இல்லாமல் திரியிற மனிசன்!"

"இல்லை அம்மா. அது அவற்ற வீடுதான். கடைசியில அவர் அதைத் திறந்து உள்ள போவார்."

"போகமாட்டார். ஒன்பது புத்தகத்தில எந்த வீட்டுக்காவது அவர் முதல் கால் வைச்சவரே? பூட்டைத் திறந்துபோட்டு விலகி நிண்டு, 'நீங்கள் போங்கோ' எண்டுதானே வீட்டுக்காரருக்குச் சொல்லுறவர். வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்குள்ள அவர் போகவே மாட்டார்."

"முதலாம் புத்தகத்தை ஒருக்கா வடிவா வாசியுங்கோ அண்ணை" என்றார் கந்தையா அண்ணை, உதவி செய்கிற நோக்கத்தில். "அதில பெட்டகத்தைக்கூடத் தான் திறந்து பாக்கேல்லை, கிழவியைத்தான் பாக்கச் சொன்னவர். நீங்கள் மேலோட்டமா வாசிச்சிருக்கிறியள் போல."

என் கையில் அகராதியின் முதுகு அப்படியே நின்றுவிட்டது.

"வாசிக்கேல்லையோ? நான்தான் அதை எழுதினனான்!"

 கந்தையா அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். குருக்கள் ஐயா தாடையைத் தடவிக்கொண்டு எழுதியவரை மேலும் கீழும் பார்த்தார். செல்வராணி அக்கா மட்டும் அசையவில்லை.

"செய்தது நீங்கள்தான் ஐயா, ஓம்" என்றார். "பழகினது நாங்கள்."

நான் எத்தனையோ நூலகக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். வாசிப்பைப்பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் நூலகத்தில், என் மேசைக்கு முன்னால் சொல்லப்பட்ட அந்த வார்த்தைக்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பசையைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

 மறுபடி பேசியபோது எழுதியவரின் குரலில் சூடு தணிந்திருந்தது.

"சரி அம்மா. ஆரோ நம்பிக் குடுத்தது எண்டே வைப்பம். அப்ப ஏன் அவர் அதை ஒருநாளும் திறக்கேல்லை? கூட்டித் துடைக்கவாவது திறக்கலாமே. நீங்கள் திறக்கிறியள்தானே?"

அக்கா கோர்வையைத் தடவி ஒரு திறப்பைப் பிரித்துப் பிடித்தார். அதில் கட்டியிருந்த துணி என்ன நிறமாக இருந்ததென்று சொல்ல முடியாதபடி வெளுத்திருந்தது.

"இதை நான் திறக்கிறேல்லை."

அவர் சொன்னதை அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். சண்டைக்குப் பயந்து ஊரெல்லாம் வெளிக்கிட்ட காலத்தில், படுக்கையிலிருந்த தாயை விட்டுப் போக முடியாமல் அக்கா நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு மல்லிகா, ஒன்றாகப் படித்த சிநேகிதி, பிள்ளைகளோடு போனவர்.

"'ரண்டு நாளில வந்திடுவன், வைச்சிரடி' எண்டு தந்தவள். பேந்து ஒரு சேதியும் இல்லை. எல்லா இடமும் விசாரிச்சாச்சு. மற்ற வீட்டுக்காரர் ரெலிபோன் எடுத்துத் திற எண்டுவினம், திறப்பன். இதைத் திற எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத் திறந்தால், அவள் வரமாட்டாள் எண்டு நானே சொன்னமாதிரிப் போயிடும்." பிடித்திருந்த திறப்பை விட்டுவிட்டு, "அவருக்கும் அப்பிடித்தான். எனக்கு அது இரண்டாம் புத்தகத்திலயே தெரிஞ்சிட்டுது" என்றார்.

இத்தனை வருடம் எனக்கு முன்னால் நின்று புத்தகம் மாற்றிய மனுஷி. கோர்வையின் சத்தம் கேட்டாலே அவர் வருகிறார் என்று எனக்குத் தெரியும். அதற்குள் இப்படி ஒரு திறப்பு இருந்தது எனக்குத் தெரியாது.

எழுதியவர் எழும்பி அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். "அம்மா, இதை நான் எழுதலாமோ?"

"என்ர கதையை எழுதாதேங்கோ. அவற்ற கதையை எழுதுங்கோ."

"அப்ப கடைசியில அவர் என்னதான் செய்வார்?"

"எனக்கு என்னண்டு தெரியும்? அது உங்கட வேலை" என்றார் அக்கா. கோர்வையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முதலாம் புத்தகத்தில் முத்திரை குத்துவித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பஸ்ஸில் எழுதியவரும் போனார். ஏறும்போது தன் தொலைபேசி இலக்கத்தை என்னிடம் எழுதித் தந்து, "நீங்கள் சொல்லாமல் விட்டது நல்லது" என்றார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கை நடுங்குகிற ஆளின் முடிவையும் தட்டிப் பறித்துவிட்டு அனுப்பிவிட்டோமோ, இனிப் பத்தாவது வராமலே போய்விடுமோ என்று. கந்தையா அண்ணை ஒவ்வொரு சனிக்கிழமையும், "உங்கட ஆள் எழுதுறாரோ, படுத்திட்டாரோ?" என்று கேட்டு என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவார். எழுதியவரையே மேலோட்டமாக வாசித்தவர் என்று சொன்ன வாய் அது.

என் ஓய்வுக்குச் சில வருடம் இருக்கையில் தபாலில் ஒரு பொதி வந்தது. பத்தாவது. உள்ளே கடிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பதிந்து, எண் போட்டு, உறை போட்டேன். அட்டையைத் தடவிப் பார்த்தேன். திறக்கவில்லை. புதுப் புத்தகத்தை நூலகர் முதலில் வாசிப்பது எனக்குப் பழக்கமில்லை. முதல் ஆளாகச் சொல்லி வைத்திருந்தவர் கந்தையா அண்ணைதான். சனிக்கிழமை அதை அவரிடம் நீட்டினேன். கையில் வாங்கினார், பின்னட்டையைப் பார்த்தார், திரும்ப மேசையில் வைத்துவிட்டார்.

"அவ முதல் வாசிக்கட்டும் மிஸ். நான் கள்ளன் எண்டுகொண்டு நிண்டனான்."

செல்வராணி அக்கா கொண்டுபோனார். ஒரு சனிக்கிழமை வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. கந்தையா அண்ணை வாசலையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார். திறப்புக்காரரைப் போலத்தான் இருக்கிறீர்கள் என்று எனக்கு வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை, எல்லோரும் போன பிறகு, அக்கா வந்தார். புத்தகத்தைத் துடைத்து மேசையில் வைத்தார். நான் ஒரு அட்டையை வெட்டத் தொடங்கினேன். எனக்குத் தெரியும், என் வெட்டு நேராக வரவில்லை.

"கடைசியில அந்த வீட்டடிக்குப் போறார் மிஸ்" என்றார். "வயசு போயிட்டுது அவருக்கு. வாசல் படலையைத் திறக்கவே கை ஏலாமல் கிடக்கு. போய்ப் பூட்டைக் கையில பிடிச்சுப் பாக்கிறார். துருப்பிடிச்சு இறுகிப் போய்க் கிடக்கு. பையில இருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து, துளித்துளியா விட்டு, ஊறுமட்டும் விறாந்தையில இருக்கிறார். பேந்து அந்தத் திறப்பைப் போட்டு ஒருக்காச் சுழட்டிப் பாக்கிறார். சுழலுது. திரும்பப் பூட்டிப்போட்டு எழும்பி வாறார். கதவில கை வைக்கேல்லை."

நான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்காரர் வாற நேரம் பூட்டு இறுகிக் கிடக்கக்கூடாதெல்லே" என்றார் அக்கா.

"பேர் சொல்லியிருக்கோ அக்கா?" கேட்கக்கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"இல்லை. என்னத்துக்கு?" என்றார். "அவர்தான் மிஸ் இது. வேற ஆளில்லை. எழுதினவருக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ, நான் சொன்னனான் எண்டு. அவர்தான்."

அந்தச் செய்தியை வெளியே கொண்டுபோக எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இந்தப் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியாது. ஒரு கிழவர் நடுங்குகிற கையால் எழுதிய கடைசிப் புத்தகம், அதற்கு உரியவர்களிடம் சரியாக வந்து சேர்ந்திருந்தது. அது என் மேசையால் வந்து சேர்ந்தது. தொலைபேசியை எடுக்கக் கையை நீட்டினேன்.

அக்கா போகாமல் நின்றார். பைக்குள் கையை விட்டுக் கோர்வையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் விடலாம் எண்டது எனக்கு இவ்வளவு காலமும் தெரியாமல் போச்சு மிஸ்" என்றார். "திறக்கக்கூடாது, திறக்கக்கூடாது எண்டுதான் இருந்தனான். தையல் மிசினுக்கு விடுற எண்ணெய் காணுமோ?"

"காணும் அக்கா, அது போதும்."

"சந்திக்கடைக்காரன் பூட்டியிருப்பானோ?"

"இல்லை, இப்ப போனால் வாங்கலாம்."

படியால் இறங்கி, அவர் வேகமாக நடந்தார்.